ஜெபித்து எடுத்த முடிவு ஏன் இப்படி ஆனது?

கேள்வி: பதினொரு வருடம் ஒரே நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். போன வருடம் வேறொரு இடத்திலிருந்து நல்ல வாய்ப்பு வந்தது. கணவரும் நானும் ஜெபித்தோம். அன்றைய வேதவாசிப்பில், உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று சொல்லும் எரேமியா 29:11 வந்தது. மனதில் சமாதானமும் இருந்தது. மாறினேன். நான்கே மாதத்தில் அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். பழைய இடத்துக்கு வேறொருவர் வந்துவிட்டார். இப்போது ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை தருவதாகச் சொல்கிறார்கள். பழைய சம்பளத்தில் முக்கால் பங்குதான். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். சபையில் ஒருவர், 'தேவசித்தத்தை மீறிவிட்டாய்' என்கிறார். இன்னொருவர் 21 நாள் உபவாசமிருந்து ஒரு பெரிய காணிக்கையை 'விதைக்கச்' சொல்கிறார். மற்றவர்கள் 'எல்லாம் நன்மைக்கே' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். என்னால் முன்போல ஜெபிக்க முடியவில்லை, ராத்தூக்கமும் சரியில்லை. ஒன்பது வயது மகள், 'ஜெபம் பண்ணிட்டுத்தானே போனீங்க, அப்புறம் ஏன்மா இப்படி?' என்று கேட்டாள். தேவனுடைய வழி எது என்று இனி எதை வைத்து நம்புவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் பல கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. நடந்தது என் தவறா? அந்த வசனம் பொய்த்துவிட்டதா? இனி எப்படி ஜெபிப்பது? பள்ளிக்கு என்ன பதில் சொல்வது? கடைசிக் கேள்விக்குத்தான் தேதி குறித்திருக்கிறது. ஆனாலும் மற்றவற்றைத் தீர்க்காமல் அதைத் தொட்டால் பயத்தில்தான் முடிவெடுப்பீர்கள். எனவே முதலிலிருந்தே வருவோம்.

'தேவசித்தத்தை மீறிவிட்டாய்' என்ற குற்றச்சாட்டை முதலில் எடுத்துக்கொள்ளலாம். உங்களையே நீங்கள் கேட்டுப் பாருங்கள். அந்த வேலையைப் பெற எங்காவது பொய் சொன்னீர்களா? யாருக்காவது கொடுத்த வாக்கை உடைத்தீர்களா? வீட்டில் யாருடைய தேவையையாவது தெரிந்தே மிதித்துக்கொண்டு போனீர்களா? அப்படி ஏதாவது இருந்தால் அதைப் பேர் சொல்லி அறிக்கையிட்டு, சரிசெய்ய முடிந்ததைச் சரிசெய்யுங்கள். 1 யோவான் 1:9 அதற்காகத்தான் இருக்கிறது. இல்லையென்றால், பலன் கசந்தது என்பதை மட்டும் வைத்து மீறுதல் என்று தீர்ப்பெழுத யாருக்கும் அதிகாரம் இல்லை. யோபின் சிநேகிதர் செய்தது அதைத்தான்: நஷ்டத்தைப் பார்த்தார்கள், அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் பாவத்தைக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் தம்மைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று அவர்களில் ஒருவனான எலிப்பாசிடமே கர்த்தர் சொல்லிவிட்டார் (யோபு 42:7). முதல் ஏழு நாள் அவர்கள் யோபோடு தரையில் உட்கார்ந்து வாய் திறக்காமல் இருந்தார்களே, அந்த வாரத்தோடு நிறுத்தியிருந்தால் நல்ல ஆறுதல்காரர் என்று பேர் வாங்கியிருப்பார்கள்.

பலனை வைத்து வழியை அளப்பதில் என்ன கோளாறு என்பதை அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரம் காட்டுகிறது. இதை இன்று உட்கார்ந்து நிதானமாக வாசியுங்கள். உங்கள் கேள்விக்கு இதைவிட நெருக்கமான பகுதி வேறில்லை. பவுலும் கூட்டாளிகளும் ஆசியா நாட்டில் (இன்றைய கண்டமல்ல, அந்தப் பெயருள்ள ரோம மாகாணம்) வசனம் சொல்லப் பார்க்கிறார்கள்; பரிசுத்த ஆவியானவர் தடைபண்ணுகிறார். பித்தினியாவுக்குப் போக முயற்சி செய்கிறார்கள், அங்கேயும் விடவில்லை. எப்படித் தடுத்தார், ஏன் தடுத்தார் என்று அந்த வசனங்களில் ஒரு வார்த்தைகூட இல்லை. இரண்டு கதவும் அடைபட்டு, கடற்கரை ஊரான துரோவாவில் வந்து நிற்கும்போதுதான், மக்கெதோனியாவுக்கு வந்து உதவும்படி ஒரு மனிதன் அழைக்கும் தரிசனம் வருகிறது. அதாவது, 'இது இல்லை' என்பது இரண்டு தரம் தெரிந்த பிறகே 'இது' என்பது தெரிகிறது. நடுவில் நடந்த தூரம் வீண்போல இருந்திருக்கும்.

சரி, தரிசனமே கிடைத்துவிட்டது. இனி எல்லாம் சுமுகம் என்று நாம் நினைப்போம். மக்கெதோனியாவிலுள்ள பிலிப்பியில் என்ன ஆனது? சிறிது நாளிலேயே வஸ்திரத்தைக் கிழித்து அடித்து, உட்காவலறையில் கால்களைத் தொழுமரத்தில் மாட்டி வைத்தார்கள். உங்கள் சபைக்காரரின் அளவுகோலை இங்கே வைத்தால், பவுல் தரிசனத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும். இன்னொன்றும் உண்டு. தரிசனத்தில் அழைத்தது ஒரு மனிதன். போய்ச் சேர்ந்தபோது ஆற்றங்கரையில் கூடியிருந்தது பெண்கள். அவர்களில் கர்த்தர் இருதயத்தைத் திறந்த லீதியாள் எந்த ஊர்க்காரி? தியத்தீரா. பவுல் போகக்கூடாது என்று தடுக்கப்பட்ட அதே ஆசியா நாட்டு ஊர் அது.

ஆசியாவின் கதவும் நிரந்தரமாக மூடப்படவில்லை. பின்னாளில் பவுல் அந்த நாட்டின் எபேசு பட்டணத்தில் இரண்டு வருஷம் தங்கினார். ஆசியாவில் குடியிருந்த எல்லாரும் வசனத்தைக் கேட்டார்கள் என்று அப்போஸ்தலர் 19:10 சொல்கிறது. பித்தினியாவோ வேறு மாதிரி முடிந்தது. பவுல் அங்கே போனதாக வேதத்தில் எங்கும் இல்லை. ஆனால் பேதுருவின் முதல் நிருபத்தின் முதல் வசனத்தில் பித்தினியாவின் விசுவாசிகள் இருக்கிறார்கள். யாரோ போயிருக்கிறார்கள். ஆக, அடைபட்ட இரண்டு கதவுகளில் ஒன்று, காலம் தள்ளிப் பவுலுக்கே திறந்தது. மற்றது அவருக்காக அல்ல, வேறொருவருக்காக இருந்தது. துரோவாவில் நின்றபோது எது எந்த வகை என்று பவுலால் சொல்லியிருக்க முடியாது. உங்களுக்கு மூடப்பட்ட அந்தப் பிரிவு எந்த வகை என்று இன்று உங்களாலும் சொல்ல முடியாது. சொல்ல முயல்வதை விட்டுவிடலாம் என்பதே என் ஆலோசனை. உபாகமம் 29:29 இந்த எல்லையைத் தெளிவாகப் போடுகிறது: மறைவானவைகள் கர்த்தருக்கு உரியவை, வெளிப்படுத்தப்பட்டவை நமக்கு உரியவை. ஏன் என்பது முதல் பக்கம். இன்று யாரிடம் உண்மையாக, யாரிடம் அன்பாக, எந்த வேலையில் நேர்மையாக இருக்க வேண்டும் என்பது இரண்டாம் பக்கம். முதல் பக்கத்தைத் தோண்டுவதில் செலவாகும் ராத்திரிகள் இரண்டாம் பக்கத்திலிருந்து திருடப்படுபவை.

இனி அந்த எரேமியா வசனம். 29:11 தனியாக நிற்கும் வாக்குத்தத்தமாகவே நம் வீடுகளுக்குள் வருகிறது. அது ஒரு கடிதத்தின் நடுவில் இருக்கும் வரி. எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். ஒரு வசனம் முன்னால் போனால், எழுபது வருஷம் நிறைவேறின பின்பு திரும்பிவரப்பண்ணுவேன் என்று இருக்கிறது. கடிதத்தைக் கையில் வாங்கிய வயதுவந்தவர்களில் பலர் அந்த நாளைப் பார்க்காமலே மண்ணுக்குப் போயிருப்பார்கள். முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று கர்த்தருடைய பேரில் சொன்னான். கேட்க இனிமையாக இருந்தது, பொய்யாக இருந்தது. எரேமியாவின் கடிதம் சொன்னதோ, வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் பண்ணுங்கள், உங்களைக் கொண்டுபோய் வைத்த பட்டணத்தின் சமாதானத்துக்காக விண்ணப்பம்பண்ணுங்கள் (29:5-7). ஆகவே அந்த வசனம் பொய்க்கவில்லை. 'இந்த வேலை நிலைக்கும்' என்று அது சொல்லவேயில்லை; நாம்தான் அப்படிச் சேர்த்து வாசித்தோம். விரும்பாத இடத்தில் நீண்ட காலம் இருக்க நேர்ந்தவர்கள் அங்கேயே ஒழுங்காக வாழலாம், தேவன் அவர்களை மறக்கவில்லை என்பதுதான் அதன் பாரம். பார்க்கப்போனால், வேலை கிடைத்த வாரத்தைவிட இந்த வாரத்துக்குத்தான் அது அதிகமாகப் பொருந்துகிறது.

எனவே அடுத்த முறை ஒரு வசனம் 'கிடைத்தால்', உடனே பத்து வசனம் மேலேயும் பத்து வசனம் கீழேயும் வாசியுங்கள். யார், யாருக்கு, எந்தச் சூழ்நிலையில் சொன்னது என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த வரியை எழுத முடியாவிட்டால், அந்த வசனத்தின்மேல் எந்த முடிவையும் கட்டாதீர்கள். வேதத்தைக் கண்ணை மூடித் திறந்து விரல் வைக்கும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள்.

'எல்லாம் நன்மைக்கே' என்று சொல்லிவிட்டு நகர்பவர்கள் ரோமர் 8:28ஐத்தான் சொல்கிறார்கள். வசனம் உண்மை. எந்த நன்மை என்பதை அடுத்த வசனம் சொல்கிறது: தமது குமாரனுடைய சாயலுக்கு ஒப்பாயிருப்பது. இதைவிட நல்ல வேலை, இதைவிட அதிகச் சம்பளம் என்று அங்கே எழுதவில்லை. வரலாம், வராமலும் போகலாம். அடுத்த ஆறு மாதத்தில் ஏதோ ஒரு 'பெரிய நன்மை' வந்து இந்த நஷ்டத்தை நியாயப்படுத்த வேண்டும் என்று எதிர்பார்த்தால், வராதபோது இரண்டாம் முறை உடைவீர்கள்.

யோசேப்பை எல்லாரும் இங்கே உதாரணம் காட்டுவார்கள். காட்டட்டும், ஆனால் தேதிகளோடு காட்ட வேண்டும். சொந்தச் சகோதரரால் குழியில் போட்டு விற்கப்பட்டபோது வயது 17. பார்வோன் முன் நின்றபோது 30. 'நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள். தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார்' என்ற வாக்கு ஆதியாகமம் 50:20ல், தகப்பன் யாக்கோபு இறந்த பின்பு வருகிறது. ஏழு செழிப்பான வருஷம், பஞ்சத்தில் இரண்டு, யாக்கோபு எகிப்தில் வாழ்ந்த 17 என்று கூட்டிப் பார்த்தால் அப்போது யோசேப்புக்கு ஏறக்குறைய 56 வயது. குழியிலிருந்து 39 வருஷம் கழித்துச் சொன்ன வார்த்தை அது; அதுவும் அவரே தன் வாழ்க்கையைப் பற்றிச் சொன்னது, அடுத்தவர் அவருக்குச் சொன்னதல்ல. சிறைச்சாலையில் இருந்தபோது என்ன சொன்னார்? உடன் சிறையிலிருந்த, பார்வோனின் பானபாத்திரக்காரனிடம், தான் களவாய்க் கொண்டுவரப்பட்டதையும் இந்தக் காவல்கிடங்கில் வைக்கும்படி ஒன்றும் செய்யவில்லை என்பதையும் சொல்லி, பார்வோனிடம் தன்னைப்பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டார் (40:14-15). அநியாயத்தை அநியாயம் என்றார். வெளியே வர வழி தேடினார். அந்த முயற்சியும் அப்போதைக்குப் பலிக்கவில்லை. இரண்டு வருஷம் மறக்கப்பட்டுக் கிடந்தார். கர்த்தர் யோசேப்போடே இருந்தார் என்று, அவர் சிறைக்குப் போன 39ஆம் அதிகாரமே சொல்கிறது. எனவே 'எனக்கு நடந்தது கஷ்டம், இது வலிக்கிறது' என்று நீங்கள் சொல்வதும், நாலு பேரிடம் வேலைக்கு விசாரிப்பதும் அவிசுவாசம் ஆகாது. 50:20ஐ இப்போதே சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

அந்தச் சகோதரர்கள் மறுபடி வந்தால் நீண்ட விளக்கம் வேண்டாம். 'நடந்ததைக் கர்த்தருக்கு முன்பாக ஆராய்ந்து பார்த்துவிட்டோம். இப்போது எனக்கு வேண்டியது ஜெபம். இந்த மாதக் கடைசிக்குள் எடுக்க வேண்டிய முடிவுக்காக ஜெபியுங்கள்' என்பது போதும்.

காணிக்கை விஷயத்தில் கறாராகவே சொல்கிறேன்: வருமானம் நின்றிருக்கும்போது, வேலையை வரவழைப்பதற்காக ஒரு தொகையை 'விதைக்காதீர்கள்', கடன் வாங்கி நிச்சயமாகக் கொடுக்காதீர்கள். ஒருவனுக்கு இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும் என்று 2 கொரிந்தியர் 8:12 சொல்கிறது. வழக்கமாகக் கொடுப்பதை வருமானத்தின் அளவுக்குக் குறைத்துக்கொண்டு மனதாரக் கொடுங்கள். பொருத்தனையும் இப்போது வேண்டாம். நெருக்கடியில் நேர்ந்துகொள்வது பேரத்தில் போய் முடிகிறது. நேர்ந்துகொண்டு செய்யாமற்போவதைவிட நேராமலிருப்பதே நலம் என்று பிரசங்கி 5:5 எச்சரிக்கிறது. உபவாசம் நல்லது, தூக்கமில்லாத உடம்போடு 21 நாள் இப்போது வேண்டாம். வாரத்தில் ஒரு வேளை உணவை விட்டு அந்த நேரத்தில் ஜெபித்தால் போதும். சர்க்கரை வியாதி முதலான தொந்தரவு இருந்தால், அல்லது தினமும் மருந்து சாப்பிடுகிறவராக இருந்தால், மருத்துவரைக் கேட்காமல் அதுவும் கூடாது.

ஜெபிக்க முடியவில்லை என்கிறீர்கள். அதற்கு முன்னால் தூக்கத்தைப் பாருங்கள். சூரைச்செடியின்கீழ் படுத்துக்கொண்டு 'போதும் கர்த்தாவே' என்று சாகக் கேட்ட எலியாவுக்கு தேவதூதன் முதலில் பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா மறுபடி படுத்துக்கொண்டார். இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான் (1 இராஜாக்கள் 19:5-8). 'இங்கே உனக்கு என்ன காரியம்' என்ற கேள்வி வந்தது அதற்கு நாற்பது நாள் கழித்து, ஓரேப் மலையில். படுக்கும் நேரத்தையும் எழும் நேரத்தையும் நிலையாக வையுங்கள். வேலை பற்றிய பேச்சையும் கணக்கையும் படுக்கைக்கு ஒரு மணி நேரம் முன்பே நிறுத்துங்கள். தூக்கமின்மையோ எதிலும் பிடிப்பில்லாத மனநிலையோ இரண்டு வாரத்துக்குமேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். சாவைப் பற்றிய எண்ணம் வந்தால் அன்றைக்கே கணவரிடம் சொல்லி, அன்றைக்கே பாருங்கள். மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் இந்தப் பகுதியை வாசித்துக் காட்டலாம்.

ஜெபத்துக்கு சங்கீதம் 13ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆறே வசனம். முதல் இரண்டில் 'எதுவரைக்கும்' என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார் தாவீது: எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் உமது முகத்தை மறைப்பீர் என்று. அடுத்த இரண்டில் வேண்டுதல். கடைசி இரண்டில், உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன் என்ற அறிக்கை. இதே வரிசையில் ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதுங்கள். நாளுக்குக் கால் மணி நேரம் போதும், அதற்கு மேல் இழுக்க வேண்டாம். முதலில், கர்த்தரிடம் உங்களுக்கு இருக்கும் முறையீட்டை மரியாதை பூச்சு இல்லாமல் இரண்டு மூன்று வாக்கியம். பிறகு ஒரே ஒரு வேண்டுதல், இன்றைக்குரியது: 'பள்ளி நிர்வாகியிடம் பேசும்போது எனக்குத் தெளிவு தாரும்' என்பதுபோல. பிறகு, அவர் யார் என்பதில் இன்றும் உங்களால் நேர்மையாகச் சொல்லக்கூடிய ஒரு வாக்கியம்.

இதில் இரண்டு விதமாகத் தப்பு நடக்கும். சிலர் முதல் நான்கு வசனத்தைத் தாண்டிக் குதித்து நேரே ஐந்தாம் வசனத்தைப் பாடப் பார்ப்பார்கள். வாய் பாடும், மனம் வராது, சில நாளில் ஜெபமே நின்றுபோகும். வேறு சிலர் முதல் இரண்டிலேயே தங்கிவிடுவார்கள். முறையீடு வேண்டுதலாக மாறாமல் தனக்குத்தானே பேசும் புலம்பலாகச் சுற்றும். முறையீடு அவரை நோக்கி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்; 'அவர் ஏன்' என்று வந்தால் 'நீர் ஏன்' என்று மாற்றி எழுதுங்கள், அவ்வளவுதான். ஐந்தாம் வசனம் எந்த நாளிலாவது வரவேயில்லை என்றால் அந்த நாளை சங்கீதம் 88ஓடு முடித்துக்கொள்ளுங்கள். அந்தச் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, ஆனாலும் அது ஜெபமாக வேதத்தில் இடம் பெற்றிருக்கிறது. வார்த்தையே வராத நாளில் ரோமர் 8:26 உங்கள் பக்கம்: ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல்செய்கிறார்.

மகளுக்குச் சொல்வதற்கு: 'அம்மாவுக்கும் ஏன்னு தெரியலை. ஜெபம் பண்ணினா நாம கேட்டபடியே எல்லாம் நடக்கும்னு இயேசப்பா சொல்லலை. கூடவே இருப்பேன்னு சொன்னார். எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு, அதையும் அவர்கிட்ட சொல்லிட்டு இருக்கேன்.' இவ்வளவே. 'இதைவிடப் பெரிசா ஒண்ணு தருவார்' என்று சொல்லிவிடாதீர்கள். பிள்ளைகள் அதைத் தேதியோடு ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்.

இப்போது பள்ளி வேலை. முடிவெடுக்குமுன், நாம் வழக்கமாகப் பார்க்கும் இரண்டு அடையாளங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். போன முறை நீங்கள் சாய்ந்ததும் இவற்றில் ஒன்றின்மேல்தான்.

மனச்சமாதானம் ஒன்று. கர்த்தரை விட்டு ஓடின யோனா கப்பலின் அடித்தட்டில் அயர்ந்து தூங்கினான். பிதாவின் சித்தத்துக்கு முழுவதும் கீழ்ப்படிந்த இயேசு கெத்செமனேயில், தம் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறதென்றார். அமைதி இருந்தது, பதற்றம் இருந்தது என்பதை மட்டும் வைத்து வழியைத் தீர்மானிக்க முடியாது என்பதற்கு இந்த இருவரே போதும். இரண்டாவது, திறந்த கதவு. யோனாவுக்கு யோப்பாவில் கப்பலும் தயாராக இருந்தது, கூலி கொடுக்கப் பணமும் இருந்தது. பவுலுக்கு எபேசுவில் பெரிய கதவு திறந்தபோது, விரோதஞ்செய்கிறவர்களும் அநேகர் இருந்தார்கள் (1 கொரிந்தியர் 16:9). துரோவாவில் கர்த்தராலேயே கதவு திறந்திருந்தும், தன் உடன்ஊழியரான தீத்துவைக் காணாததால் ஆவிக்கு அமைதலில்லாமல் பவுல் மக்கெதோனியாவுக்குப் புறப்பட்டுவிட்டார் (2 கொரிந்தியர் 2:12-13). அதற்காக அவரை யாரும் கண்டிக்கவில்லை. கிதியோன் ஆட்டுத்தோலைப் போட்டு, பனி அதன்மேல் மட்டும் பெய்யட்டும் என்று அடையாளம் கேட்டதுபோல நாமும் கேட்கும் யோசனை வேண்டாம். கிதியோனுக்குச் செய்ய வேண்டியது என்ன என்பது ஏற்கெனவே சொல்லப்பட்டிருந்தது. 'நீர் சொன்னபடி' என்றுதான் அவரே ஆரம்பிக்கிறார் (நியாயாதிபதிகள் 6:36). தோல் அவருடைய பயத்துக்கு மருந்தாக இருந்தது, வழி காட்ட அல்ல.

அப்படியானால் எதை வைத்து? ஞானத்தை வைத்து. யாக்கோபு 1:5 ஞானத்தைக் கேட்கச் சொல்கிறது. கேட்டுவிட்டு அதைப் பயன்படுத்த வேண்டும். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று இயேசுவே சொல்லியிருக்கிறார் (லூக்கா 14:28). கணக்கு உங்கள் தொழில், எனவே இது உங்களுக்குக் கைவந்தது. கடந்த ஆறு மாதச் செலவை எடுத்து, தவிர்க்க முடியாததை மட்டும் ஒரு மாதத்துக்கு எவ்வளவு என்று பாருங்கள்: வாடகை அல்லது வீட்டுக்கடன், சாப்பாடு, பள்ளிக் கட்டணம், மருந்து, கடன் தவணை. கணவரின் வருமானம் இருந்தால் அதையும் பள்ளி தரும் சம்பளத்தையும் கூட்டி, இந்தத் தொகையை அது தாங்குகிறதா என்று பாருங்கள். தாங்குகிறது என்றால் அந்த வேலை உங்களுக்கு மூச்சுவிட இடம் தருகிறது. தாங்கவில்லை என்றால், பற்றாக்குறை எவ்வளவு, அதைச் சேமிப்பிலிருந்து எடுத்தால் எத்தனை மாதம் ஓடும் என்று வகுத்துப் பாருங்கள். அதேபோல, வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தேடிக்கொண்டிருந்தால் சேமிப்பு எத்தனை மாதம் வரும் என்பதும் வேண்டும். இந்த எண்கள் இல்லாமல் பதிலுக்காக ஜெபிப்பதில், பயத்தை தேவசத்தம் என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து அதிகம்.

கணக்குக்குப் பிறகு ஆலோசனை. மூன்று பேரைக் கேளுங்கள், கூட்டம் வேண்டாம். உங்கள் துறையின் நிலவரம் தெரிந்த ஒருவர். அவர் விசுவாசியாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. உங்கள் குணத்தை, சோர்வை, ஆசையை நெருங்கி அறிந்த ஒருவர். வேதத்தில் நிதானமுள்ள, உங்கள் முடிவால் தனக்கு எந்த லாபமும் இல்லாத ஒருவர், போதகராக இருக்கலாம். மூவரிடமும் அதே எண்களை வையுங்கள். 'கர்த்தர் உங்களுக்கு ஏதாவது காட்டினாரா' என்று கேட்காமல், 'நான் பார்க்கத் தவறுவது என்ன' என்று கேளுங்கள். கணவரோடு சேர்ந்து முடிவெடுங்கள். அப்போஸ்தலர் 16:10ஐ மறுபடி பாருங்கள். தரிசனம் கண்டது பவுல் ஒருவர், நிச்சயித்துக்கொண்டது 'நாங்கள்'.

பெருமையையும் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். சீரியாவின் படைத்தலைவனான நாகமான் குஷ்டம் நீங்க வெள்ளியும் பொன்னும் கொண்டு எலிசா தீர்க்கதரிசியிடம் வந்தார். தீர்க்கதரிசி வெளியே வந்து நின்று, கையால் தடவி, கர்த்தருடைய நாமத்தைத் தொழுவார் என்று அவர் தனக்குள் நினைத்திருந்தார் (2 இராஜாக்கள் 5:11). எலிசாவோ வாசலுக்குக்கூட வரவில்லை. ஆள் அனுப்பி, யோர்தானில் ஏழுதரம் ஸ்நானம்பண்ணச் சொன்னார். தமஸ்குவின் நதிகளே மேல் என்று கோபத்தோடு திரும்பினவரை, 'பெரிய காரியம் ஒன்றைச் சொல்லியிருந்தால் செய்திருப்பீரே' என்று வேலைக்காரர் நிறுத்தினார்கள். பள்ளி வேலை உங்களுக்கு யோர்தான்தான் என்று நான் சொல்லவில்லை, எனக்குத் தெரியாது. அதை மறுக்கத் தோன்றும்போது காரணம் எண்ணிலா, பதவியின் பெயரிலா என்று மட்டும் பாருங்கள். எண்ணில் என்றால் தைரியமாக மறுக்கலாம்.

நடைமுறையில், பள்ளிக்கு இந்த வாரமே எழுத்தில் மூன்று கேள்வி அனுப்புங்கள்: சம்பளம் எப்போது மறுபரிசீலனைக்கு வரும், வேலை நேரம் என்ன, விலகுவதானால் எத்தனை நாள் முன்னறிவிப்பு. முடிவுக்கு உங்களுக்குள் ஒரு தேதி வையுங்கள், பள்ளி சொன்ன கடைசி நாளுக்கு மூன்று நாள் முன்பாக. அந்த நாளில் இருவரும் உட்கார்ந்து, எண்களையும் ஆலோசனைகளையும் ஒரே தாளில் எழுதி, ஜெபித்து, முடிவை எழுதி, கீழே காரணத்தை மூன்று வரியில் குறித்து வையுங்கள். இந்த மூன்று வரி முக்கியம். பிறகு எதிர்பாராத ஏதாவது நடந்தால், 'அன்று நமக்குத் தெரிந்ததை வைத்து உண்மையாக முடிவெடுத்தோம்' என்பதற்கு அதுவே ஆதாரம். போன முறை அது இல்லாததால்தான் யார் என்ன சொன்னாலும் உங்களைக் குற்றம் குத்துகிறது.

இதுவும் கைவிட்டால்? விடலாம். யாக்கோபு 4:15 'ஆண்டவருக்குச் சித்தமானால்' என்று சொல்லித் திட்டமிடச் சொல்கிறது; திட்டமிடாதே என்று சொல்லவில்லை. பித்தினியாவுக்குப் போகப் பிரயத்தனம்பண்ணினதற்காகப் பவுலும் மன்னிப்புக் கேட்கவில்லை. அடைபட்டது தெரிந்ததும் அடுத்த ஊருக்கு நடந்தார். வேலையை ஏற்றால் முதல் ஆறு மாதத்துக்கு அதை முழு மனதோடு செய்யுங்கள், அந்தப் பள்ளியின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள். பிறகு ஒருமுறை கணக்கைத் திரும்பப் பாருங்கள். ஏற்காவிட்டால் அன்றே நன்றி சொல்லிக் கடிதம் அனுப்பி, மறுநாள் காலையிலிருந்து தேடுவதற்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். பள்ளிக்கு அனுப்ப வேண்டிய அந்த மூன்று கேள்விகளை இன்று இரவு படுக்கைக்கு முன் வேண்டாம், நாளை காலையில் எழுதுங்கள்.